பர்கண்டிச் சரிவில் ஓட்டம்: போன் நகரம் முதல் சான்தனே வரை

பிரான்சின் பர்கண்டி வட்டாரத்தில், தீஜோன் நகரத்துக்குத் தெற்கே, ஏறக்குறைய 50 கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரே சரிவு ஓடுகிறது. கிழக்கே சோன் ஆற்றுச் சமவெளி, மேற்கே காடு மூடிய மேட்டுநிலம். இரண்டுக்கும் நடுவே, சில இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட அகலமில்லாத பட்டையில் திராட்சைக் கொடிகள். உள்ளூர்க்காரர்கள் இதைக் 'கோத்' என்கிறார்கள். சரிவு என்றுதான் பொருள். சரிவை 1,247 துண்டுகளாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்திருக்கிறார்கள். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது இந்தத் துண்டு நிலங்களைத்தான்.

ஒயின் செய்கிறவர்கள் இந்தச் சரிவை மேல், நடு, கீழ் என்று மூன்றாகப் பார்க்கிறார்கள். ஓடுகிறவர்களும் அப்படிப் பார்த்துப் பழகினால் வழி தேர்வது எளிது. அடிவாரத்தில் களிமண் கனமாகப் படிந்திருக்கும். பாதை சமம், ஆனால் மழை பெய்தால் இரண்டு மூன்று நாள் காயாது. நடுச்சரிவில் சுண்ணாம்புக்கல் சில்லுகள் கலந்த மண், தண்ணீர் நிற்காது. விலை உயர்ந்த ஒயின்கள் வருவது இங்கிருந்துதான், கால் நன்றாகப் பிடிப்பதும் இங்கேதான். மேல் விளிம்பில் மண் மெலிந்து பாறை தெரியும். ஏற்றம் செங்குத்தாகும், காட்டு நிழலும் தொடங்கும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொடி வரிசைகள் பெரும்பாலும் மேலிருந்து கீழாக, சரிவின் போக்கிலேயே நடப்பட்டிருக்கின்றன. ஆகவே வரிசைகளுக்கு இணையாகப் போகும் வண்டிப்பாதை எதுவானாலும் ஏற்றம் அல்லது இறக்கம்தான். வரிசைகளைக் குறுக்காக வெட்டி வடக்கு தெற்காகப் போகும் பாதை ஏறக்குறைய சமமாக இருக்கும். வரைபடம் இல்லாமல் சந்திப்பில் நின்றாலும், கொடிகள் எந்தப் பக்கம் ஓடுகின்றன என்று பார்த்தாலே அடுத்த ஒரு கிலோமீட்டர் எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

முதல் முறை வருகிறவர்களுக்குச் சரியான வழி போன் நகரத்திலிருந்து சான்தனே வரை செல்லும் 'வுவா தே வீன்யு', அதாவது திராட்சைத் தோட்டத் தடம். நீளம் சுமார் 22 கிலோமீட்டர். சைக்கிள்காரர்களுக்காக அடையாளமிட்ட தடம், டிராக்டர்களும் அதிலேதான் போகும். தொடக்கம் நகரத்தின் மேற்குப் பக்கம், பூசேஸ் பூங்கா அருகே. ரயில் நிலையம் நகரத்தின் கிழக்கே இருப்பதால், கோட்டைச் சுவருக்குள் இருக்கும் பழைய ஊரைக் கடந்து மெதுவாக ஓடிப் போனால் உடம்பு சூடாகிவிடும். பொம்மார், வொல்னே, மெர்சோ, புலின்யி-மோன்ராஷே, ஷசான்ய்-மோன்ராஷே, சான்தனே என்று ஊர்கள் வரும். பெரும்பகுதி தார் அல்லது கான்கிரீட் போட்ட தோட்டப் பாதை, சாதாரணச் சாலை ஷூவே போதும். பொம்மாரிலிருந்து வொல்னேக்கு ஏறும் இடத்தில் வேகத்தை விட்டுக்கொடுங்கள். தொடக்கத்திலேயே வரும் ஏற்றம் என்பதால் களைக்காத காலோடு வேகமாக ஏறத் தோன்றும். அப்படி ஏறியவர்கள் மெர்சோவுக்குப் பிறகு நடக்கிறார்கள்.

நேரக் கணக்குக்குப் பிரெஞ்சு ஓட்டக்காரர்களின் எளிய வழக்கம் உதவும்: ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் ஒரு கிலோமீட்டர் கூட்டிக்கொள்வார்கள். 15 கிலோமீட்டர் தூரமும் 300 மீட்டர் ஏற்றமும் இருந்தால் அதை 18 கிலோமீட்டராக எண்ணித் தண்ணீரும் நேரமும் ஒதுக்க வேண்டும்.

இந்தத் தடத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான் என்றால், அது புலின்யிக்கு மேற்கே இருக்கிறது. ஊரைவிட்டு மேலேறினால் கல்சுவரும் கல்வாசலும் வைத்த மோன்ராஷே தோட்டம் வரும். மொத்தமே சுமார் 8 ஹெக்டேர், புலின்யிக்கும் ஷசான்யுக்கும் பாதிப்பாதி. பாதைக்குக் கீழே பதார்-மோன்ராஷே. மோன்ராஷேக்கு மேலே, செங்குத்தான மெலிந்த மண்ணில் ஷெவாலியே-மோன்ராஷே. சில நூறு மீட்டருக்குள் மூன்று பெயர்கள், மூன்று தனிச் சுவை என்று கொண்டாடப்படும் மூன்று ஒயின்கள். குறுக்கே ஏறி இறங்கினால் அந்த வேறுபாடு காலடியிலேயே தெரியும். கீழே மண் பொதபொதவென்று மிதிபடும், நடுவில் சரளை நறநறக்கும், மேலே கல் இடறும். ஒயின் குடிக்காதவர்களுக்கும் இந்த நிலத்தின் தரவரிசை ஏன் வந்தது என்று இதைவிடத் தெளிவாக எந்த விளக்கப் பலகையும் சொல்லித்தராது.

ஏற்றம் வேண்டும் என்பவர்கள் போனுக்கு வடக்கே கோர்த்தோன் குன்றுக்குப் போகலாம். அலோஸ்-கோர்த்தோன் (எழுத்தில் 'க்ஸ்' இருந்தாலும் உச்சரிப்பு அலோஸ்தான்), பெர்னான்-வெர்ஜலெஸ், லதுவா ஆகிய மூன்று ஊர்களும் குன்றைச் சுற்றி இருக்கின்றன. அடிவாரமாகச் சுற்றினால் சுமார் 10 கிலோமீட்டர். உச்சி சுமார் 390 மீட்டர், தலைப்பாகை கட்டியதுபோல அதில் காடு. கிழக்குச் சரிவில் பெரும்பாலும் சிவப்பு ஒயினுக்கான கொடி, தென்மேற்கிலும் மேற்கிலும் வெள்ளைக்கானது. காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நேர் வெயில் வாங்கும் என்பதால், கோடையில் காலை ஓட்டத்தை பெர்னான் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது. பெர்னானுக்கு மேலே ஒரு மாதா சிலை இருக்கிறது. அங்கிருந்து முழுக் குன்றும் எதிரே தெரியும்.

மழைக்குப் பிறகு மண்பாதைகளைத் தவிர்த்துவிடுங்கள். இந்தக் களிமண் ஷூவின் அடியில் அப்பி, அடிக்கு அடி கனம் கூடி, பள்ளங்களையெல்லாம் அடைத்துவிடும். பிறகு அதே ஷூவோடு கான்கிரீட் இறக்கத்தில் காலை வைத்தால் வழுக்கும். இங்கே விழுவது பெரும்பாலும் அப்படித்தான். மண்பாதைக்கென்று 4, 5 மில்லிமீட்டர் பல் உள்ள டிரெய்ல் ஷூ வேண்டும், தார்ச்சாலைக்குத் திரும்பியதும் ஒரு கல்லில் தேய்த்துச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். இறக்கங்களில் தண்ணீர் வடிய பாதையின் குறுக்கே வெட்டிய கால்வாய்களும் உண்டு. நிழலில் அவை தெரியாது, கணுக்கால் பிசகும்.

டிராக்டரைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். இங்கே வரிசைகளுக்கு நடுவே ஒரு மீட்டர்தான் இடைவெளி. அதனால் வரிசைக்கு மேலாகக் கால் விரித்து நிற்கும் உயரமான டிராக்டரைப் பயன்படுத்துகிறார்கள். வரிசை முடிந்ததும் அது பாதைக்கு வந்து, முழு அகலத்தையும் எடுத்துத் திரும்பும். காதில் பாட்டு மாட்டிக்கொண்டு ஓடினால் அது வருவது தெரியாது. சத்தம் கேட்டால் சுவரோரம் நின்று, ஓட்டுநரின் கண்ணைப் பார்த்துக் கையசைத்துவிட்டுப் போங்கள். அவர் வேலை செய்யும் இடத்துக்குத்தான் நாம் வந்திருக்கிறோம்.

மே முதல் ஜூலை முடிய மருந்து தெளிக்கும் காலம். காற்று மணிக்கு 19 கிலோமீட்டருக்கு மேல் வீசினால் தெளிக்கக் கூடாது என்பது பிரெஞ்சுச் சட்டம். ஆகவே காற்றில்லாத விடிகாலையில்தான் தெளிப்பார்கள், ஓடுவதற்கு இதமான நேரமும் அதுவே. தூரத்தில் வெண்புகைபோலத் தெரிந்தால் அடுத்த குறுக்குப் பாதையில் காற்று வரும் திசைக்கு ஏறிவிடுங்கள். தெளித்த தோட்டத்துக்குள் வேலையாட்களே குறைந்தது 6 மணி நேரம், மருந்தைப் பொறுத்து 24 அல்லது 48 மணி நேரம் நுழையக் கூடாது. இலையில் நீலம் பூத்திருந்தால் அது செப்பு மருந்து. எந்தக் காலத்திலும் வரிசைக்குள் இறங்காதீர்கள், குலையைப் பறிக்காதீர்கள்.

ஏப்ரலில் உறைபனி எச்சரிக்கை இருந்தால் கொடிகளுக்கு நடுவே இரவெல்லாம் பெரிய மெழுகுத் தீபங்கள் எரியும். பார்க்க அழகு, ஆனால் காலையில் புகை தாழ்வாகத் தேங்கும். ஆஸ்துமா உள்ளவர்கள் அன்று ஓட வேண்டாம். ஜூலை, ஆகஸ்டில் தோட்டத்தில் துளி நிழல் கிடையாது, கல்சுவரும் சூட்டை வாங்கித் திருப்பி அடிக்கும். அப்போது மேல் விளிம்பின் காட்டோரப் பாதைதான் கதி. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் அறுவடை, வேன்களும் டிரெய்லர்களும் பாதையை அடைத்திருக்கும். செப்டம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி முடிய வேட்டைக் காலம். காட்டுப் பக்கம் போவதென்றால் ஆரஞ்சு நிற மேலங்கி போடுங்கள். 'ஷாஸ் ஆன் கூர்' என்ற பலகை கண்டால் வேட்டை நடக்கிறது, திரும்பிவிடுங்கள். எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மே தொடக்கமும் அக்டோபரும்தான் சிறந்தவை. அக்டோபரில் இலை பொன்னாகியிருக்கும், தெளிப்பும் இல்லை.

நடைபாதைகளில் மஞ்சள் கோடு உள்ளூர்ச் சுற்றுவழி, வெள்ளை சிவப்புக் கோடு நெடுந்தூர வழி. பெருக்கல் குறி போட்டிருந்தால் தப்பான வழி. தண்ணீருக்கு 10 கிலோமீட்டர்வரை அரை லிட்டர், கோடையில் முழுத் தடத்துக்கு ஒன்றரை லிட்டர். குழாயில் 'ஓ போதாபிள்' என்றால் குடிக்கலாம், 'நோன் போதாபிள்' என்றால் கூடாது. ஊர்க் கல்லறைத் தோட்டங்களில் பெரும்பாலும் குழாய் இருக்கும், பிரெஞ்சு ஓட்டக்காரர்கள் அங்கேதான் நிரப்பிக்கொள்வார்கள். சின்ன ஊர்களில் மதியம் 12 முதல் 2 வரை கடை சாத்தியிருக்கும், திங்களன்று ரொட்டிக் கடையும் இல்லாமல் போகலாம். ஆகவே சாப்பிட ஏதாவது கையில் இருக்கட்டும். அவசரத்துக்கு 112.

சான்தனே போய்ச் சேர்ந்தபின் கால் ஒத்துழைத்தால் மோன் தெ சேன் மேல் ஏறலாம். உச்சியில் மூன்று சிலுவைகள், உயரம் 521 மீட்டர், ஊரிலிருந்து ஏறக்குறைய 300 மீட்டர் ஏற்றம். இல்லையென்றால் காற்றாலையைப் பார்த்துவிட்டு, சாந்தர் கால்வாயின் கரைக்கு இறங்குங்கள். சமமான கரைப்பாதையில் நாலைந்து கிலோமீட்டர் ஓடினால் ஷான்யி ரயில் நிலையம். போனுக்குத் திரும்ப வட்டார ரயிலில் பத்துப் பதினைந்து நிமிடம். வண்டி நேரத்தைப் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமையில் இடைவெளி அதிகம். வியர்த்த உடம்போடு நடைமேடைக் காற்றில் நிற்க நேரும் என்பதால், பைக்குள் உலர்ந்த பனியன் ஒன்று இருக்க வேண்டும்.