ஆறு என்று எழுதிய இரவு

பர்மாவில் பெகு ஊரிலிருந்து அந்தப் பையனை ரங்கூனில் இருக்கும் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தபோது இரவு பதினொன்றரை. ரங்கூனுக்குள் மோட்டார் சைக்கிளுக்குத் தடை. ஊரைத் தாண்டிவிட்டால் அதுதான் எல்லாருக்கும் கால். வயது 22, தலையில் ஹெல்மெட் இல்லை.

கண் திறக்கவில்லை, 1. பேச்சில்லை, 1. நகத்தின்மேல் பேனாவை வைத்து அழுத்தினேன். வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டான், 4. மொத்தம் 15க்கு 6. நினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்க கிளாஸ்கோவில் டீஸ்டேல், ஜென்னட் என்ற டாக்டர்கள் 1974இல் தந்த அளவுகோல் இது. எண் குறையக் குறைய மயக்கம் ஆழம். ஸ்கேனில் மண்டையோட்டுக்கும் மூளை உறைக்கும் நடுவே ரத்தம் கட்டியிருந்தது. நெற்றிப் பக்கம் மூளையும் கன்றியிருந்தது.

தலையில் அடிபட்ட 10,008 நோயாளிகளின் விவரத்தை வைத்து 2008இல் வெளியான கிராஷ் கணக்கில் இதையெல்லாம் போட்டுப் பார்த்தேன். 14 நாளுக்குள் சாவு, ஆறு மாதத்தில் என்ன நிலை என்று இரண்டையும் அது சொல்லும். எந்த நாடு என்றும் கேட்கும். நம் மாதிரி ஏழை நாட்டைக் குறித்தால் கணக்கே மாறும். அந்த இடத்தைத் தொடும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும்.

"ரொம்ப நம்பிக்கை வைக்காதீங்கம்மா" என்றேன் அவன் அம்மாவிடம்.

"அப்போ வீட்டுக்கே கொண்டுபோயிடட்டுமா, தம்பி? ஊர்ல வச்சே போகட்டும்."

கூட வந்த பக்கத்து வீட்டுக்காரர் அப்போதுதான் வாய் திறந்தார்: "ஆஸ்பத்திரி கேட் கிட்ட வரும்போது கை கால் இழுத்துச்சு, டாக்டர்." நான் கேட்கவே இல்லை. வலிப்பு வந்து ஓய்ந்த மூளை கொஞ்ச நேரம் அசந்து கிடக்கும். அந்த நேரத்தில் எடுத்த எண்ணை நம்பக்கூடாது. ஆபரேஷன் தியேட்டர் தயாராவதற்குள் மறுபடி பார்த்தேன். கூப்பிட்டதும் கண் திறந்தான், 3. அழுத்திய கையைத் தட்டிவிட வந்தான், 5. ஏதோ முனகினான், 2. மொத்தம் 10.

அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு போயிருந்தால் வழியிலேயே இறந்திருப்பான். நானும் கணக்கு சரியாகத்தான் சொன்னது என்று நினைத்திருப்பேன். அதை நினைத்தால் இன்றும் தூக்கம் வருவதில்லை. அன்றிலிருந்து வலிப்பு வந்ததா, குடித்திருக்கிறாரா, மயக்க ஊசி போட்டார்களா என்று கேட்காமல் எண்ணை எழுதுவதில்லை. முதல் எண்ணை வைத்து வீட்டாரிடம் முடிவும் சொல்வதில்லை.

ஆறு மாதம் கழித்து அம்மாவும் மகனும் வந்தார்கள். நடக்கிறான், சிரிக்கிறான், வெற்றிலைக் கடையில் சில்லறை மட்டும் கணக்கு வரவில்லை. 'மிதமான குறைபாடு' என்று எழுதினேன்.

"சில்லறையை நான் எண்ணிக்கிறேன், தம்பி" என்றார் அம்மா.