ஐந்து வரிச் செக்லிஸ்ட்டும் ஒரு தள்ளுவண்டியும்

ஐ.சி.யூ நோயாளியின் கழுத்து, நெஞ்சு அல்லது தொடை இடுக்கு வழியாகப் பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் குழாயை சென்ட்ரல் லைன் என்கிறோம். அதில் கிருமி தொற்றினால் நேராக ரத்தத்தில் கலந்துவிடும். இதைத் தடுக்க அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் டாக்டர் பீட்டர் ப்ரோனோவோஸ்ட் 2001-இல் கொண்டுவந்த செக்லிஸ்ட்டில் ஐந்தே வரிகள். கை கழுவுதல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியால் தோலைச் சுத்தம் செய்தல், நோயாளியின் உடல் முழுவதையும் ஸ்டெரைல் துணியால் மூடி, குழாய் போடுபவர் தொப்பி, மாஸ்க், கவுன், கையுறை அணிதல், முடிந்தவரை தொடை இடுக்கைத் தவிர்த்தல், தேவை முடிந்த குழாயை அன்றே எடுத்தல்.

எல்லாமே எந்த டாக்டருக்கும் தெரிந்தவைதான். பிறகு மிச்சிகன் மாநிலத்தின் நூற்றுக்கும் மேற்பட்ட ஐ.சி.யூக்களில் இதே முறையைச் செய்து பார்த்தார்கள். 1000 குழாய்-நாட்களுக்கு (ஒரு நோயாளிக்கு ஒரு நாள் குழாய் இருந்தால் அது ஒரு குழாய்-நாள்) 2.7 என்றிருந்த தொற்றின் இடைநிலை அளவு (மீடியன்) மூன்றே மாதத்தில் பூஜ்யமானது. முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. அதைப் படித்த பலரும் செக்லிஸ்ட்டை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டார்கள். என் கணிப்பில் அந்தத் தாளுக்கு இதில் ஆகச் சிறிய பங்குதான்.

கவுன் ஓர் அலமாரியில், பெரிய துணி வேறோர் அறையில், மாஸ்க் இன்னோரிடத்தில் இருந்தால், நள்ளிரவு அவசரத்தில் கைக்கு எட்டியதை வைத்தே வேலை முடியும். அதை அலட்சியம் என்று திட்டிப் பயனில்லை. ஹாப்கின்ஸில் செய்தது, எல்லாவற்றையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கியது. அதைத் தினமும் நிரப்புவதையும் ஒருவர் பொறுப்பில் விடவேண்டும். அது யார் வேலை என்று தெளிவாக இல்லாவிட்டால், சீக்கிரமே வண்டி பாதி காலியாகத்தான் நிற்கும். ஸ்டாக்கிலேயே குளோர்ஹெக்சிடின் இல்லையென்றால் நர்ஸால் என்ன செய்யமுடியும்? அது கொள்முதல் பிரிவு தீர்க்கவேண்டிய சிக்கல். மிச்சிகனில் நிர்வாகத்தின் மூத்த அதிகாரிகளையும் ஐ.சி.யூ குழுக்களோடு சேர்த்ததன் அருமை இங்கேதான் தெரியும்.

அடுத்தது அதிகாரம். ஒரு படி விட்டுப்போனால் நர்ஸ் "நிறுத்துங்கள்" என்று சொல்லலாம், டாக்டர் கேட்டாக வேண்டும். இதை நர்ஸிடம் சொன்னால் மட்டும் போதாது. டாக்டர்கள் இருக்கும் கூட்டத்தில், மேலதிகாரியே தன் வாயால் சொல்லவேண்டும். நிறுத்திய நர்ஸுக்கு ஒரே ஒருமுறை வசவு விழுந்தாலும் அதற்கப்புறம் யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

தாள் மட்டும் போனால் என்ன ஆகும் என்பதற்கு அறுவை சிகிச்சை செக்லிஸ்ட்டைப் பார்க்கலாம். உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பட்டியலை எட்டு நகரங்களின் மருத்துவமனைகளில் சோதித்தபோது இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8-ஆகக் குறைந்தது. கனடாவின் ஒன்டாரியோவில் அரசு உத்தரவால் 101 மருத்துவமனைகளில் செக்லிஸ்ட் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் மும்மூன்று மாதங்களை ஒப்பிட்டார்கள். இறப்பு முன்பு 0.71 சதவீதம், பிறகு 0.65. புள்ளியியல்படி இது குறிப்பிடத்தக்க மாற்றமல்ல. மூன்று மாதம் போதாது என்ற வாதம் நியாயமானதுதான். ஆனாலும் டிக் அடித்த தாள்களின் எண்ணிக்கையை நம்பக்கூடாது. ஆபரேஷன் தியேட்டருக்குள் போய் நின்று பாருங்கள். கத்தி வைக்கும் முன் எல்லோரும் கைவேலையை நிறுத்துகிறார்களா? நோயாளி பெயர், அறுவை, இடம் மூன்றையும் சத்தமாகச் சொல்கிறார்களா? அறுவை முடியும் முன்பே தாளின் கடைசிப் பகுதியில் டிக் விழுந்திருந்தால், பஞ்சு எண்ணிக்கையை யாரும் சரிபார்க்கவில்லை என்று பொருள்.

அளவிடுவதிலும் சறுக்கும். தினமும் ஒரே நேரத்தில், குழாயுள்ள நோயாளிகளை எண்ணிக் கூட்டினால் குழாய்-நாட்கள் கிடைக்கும். தினம் ஆறு பேர் என்றால் 30 நாளில் 180. அதில் இரண்டு தொற்று வந்தால் விகிதம் 1000 குழாய்-நாட்களுக்கு 11.1, ஒன்றென்றால் 5.6. ஒரே நோயாளியால் எண் பாதியாகிறது. அதனால் மாதக் கணக்கை வைத்துக் கொண்டாடவும் வேண்டாம், கடிந்துகொள்ளவும் வேண்டாம். காலாண்டைப் பாருங்கள். அதிலும் ஒரு பொறி உண்டு. தேவை முடிந்த குழாயை எடுக்கச் சொல்லும் ஐந்தாவது வரியை ஒழுங்காகப் பின்பற்றினால் குழாய்-நாட்களே குறையும். 540 நாளில் ஆறு தொற்று இருந்த இடத்தில் 300 நாளில் நான்கு வந்தால், இரண்டு பேர் தப்பியிருக்கிறார்கள். விகிதமோ 11.1-லிருந்து 13.3-ஆக ஏறியிருக்கும். அதனால் பலகையில் தொற்று, குழாய்-நாள், விகிதம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள்.