வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) மீன்குஞ்சுத் தீவனம் கேட்டால்

விலங்கியலில் மீன்வளர்ப்புத் தாள் எடுத்தவர்களுக்கு மார்க் நழுவுவது பெரும்பாலும் நாற்றங்கால் குளப் பாடத்தில்தான், அதாவது பொரித்த குஞ்சை முதலில் விட்டு வளர்க்கும் குளம் பற்றிய பாடத்தில். ஹெக்டேருக்கு இத்தனை, கிலோவுக்கு இத்தனை, இத்தனையாவது நாள் என்று எல்லாமே எண்கள். அட்டவணை அட்டவணையாக உருப்போட்டால் தேர்வு ஹாலில் ஒன்றுக்கொன்று இடம் மாறிவிடும். நான் படித்தது வேறு மாதிரி. ஒரு லட்சம் கட்லா (கெண்டை வகை மீன்) குஞ்சை மனதில் வைத்துக்கொண்டு, பொரித்த நேரத்திலிருந்து அதன் பின்னாலேயே போனேன்.

பொரித்த குஞ்சு 5 மில்லிமீட்டர்கூட இருக்காது. முதல் மூன்று நாள் வயிற்றில் ஒட்டியிருக்கும் மஞ்சள்கருப் பைதான் சாப்பாடு. கிருஷ்ணகிரி அணை மீன் பண்ணைக்குப் போனபோது அங்கே வேலை செய்பவர் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரோடு மொண்டு காட்டினார். கண் இரண்டும் கரும்புள்ளி, மற்றதெல்லாம் கண்ணாடி மாதிரி. "மேலேயும் கீழேயும் குதிக்குது பாருங்க தம்பி, அதுக்கு இப்ப தீனி வேணாம். படுத்த வாக்குல நேரா நீந்துச்சுன்னா வாய் திறந்துடுச்சுன்னு அர்த்தம்" என்றார். 'தீவனம் எப்போது தொடங்கும்?' என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை கிடைக்காது.

வாய் திறந்ததும் அதற்குள் நுழைகிற உயிர் வேண்டும். முதலில் ரோட்டிஃபர், அப்புறம் மொய்னா, டாப்னியா; எல்லாம் தண்ணீரில் மிதக்கும் நுண்ணிய விலங்குகள். கட்லாவோடு வளர்க்கும் மற்ற கெண்டைகள் ரோகு, மிர்கால். வளர்ந்த பிறகு கட்லா மேல்மட்டம், ரோகு நடுமட்டம், மிர்கால் அடிமட்டம் என்று மேயும். ஆனால் குஞ்சுப் பருவத்தில் மூன்றுக்கும் விலங்கு மிதவை உயிரிதான் உணவு. வைவாவில் ஆளைக் கவிழ்க்கும் கேள்வி இது. அந்த உயிர்கள் பெருகத்தான் குஞ்சு விடுவதற்கு முன்பே சாணமும் புண்ணாக்கும் கரைத்து ஊற்றுகிறார்கள். உரம் மீனுக்கு இல்லை, மீனின் தீனிக்கு.

புத்தகங்கள் ஆர்டீமியாவை நிறையப் புகழும். அது உப்புநீர் உயிர். நன்னீரில் விட்டால் கொஞ்ச நேரத்தில் செத்து அடியில் படியும். தொட்டியில் வளர்க்கும் அலங்கார மீன், கெளுத்திக் குஞ்சுகளுக்கு அது சரி. மண்குளத்துக் கட்லாவுக்கு அதை எழுதி வைக்காதீர்கள்.

இனி, குளத்து உயிர்கள் போக நாம் மேலே கொடுக்கும் தீவனத்தின் கணக்கு. ஒரு குஞ்சு சுமார் 1.4 மில்லிகிராம். ஒரு லட்சம் என்றால் 140 கிராம். முதல் ஐந்து நாள் உடல் எடையைப் போல நான்கு மடங்கு, அதாவது நாளுக்கு 560 கிராம். அதற்குப் பிறகு எட்டு மடங்கு, 1.12 கிலோ. கடலைப் புண்ணாக்கும் அரிசித் தவிடும் சரிபாதி, நன்றாகச் சலித்த தூளாக. பத்து லட்சத்துக்கு 5.6 கிலோ, 11.2 கிலோ என்று புத்தகம் சொல்வதும் இதே கணக்குதான்; பெருக்கத் தெரிந்தால் போதும். இருப்பு, அதாவது குளத்தில் விடும் குஞ்சு, ஹெக்டேருக்கு 30 முதல் 50 லட்சம். நம் ஊரில் குளத்தைச் சென்டில்தான் சொல்வோம், 10 சென்ட் என்றால் குறைந்தது 1.2 லட்சம் என்று மாற்றிப் பழகுங்கள்.

சோப்பு எண்ணெய்க் கலவை தனிக் கேள்வியாகவே வரும். ஹெக்டேருக்கு எண்ணெய் 56 கிலோ, சோப்பு 18 கிலோ. குஞ்சு விடுவதற்கு 12 முதல் 24 மணி நேரத்துக்கு முன். குஞ்சைப் பிடித்துத் தின்னும் நீர்ப்பூச்சிகள் மூச்சுக்கு மேலே வரும். எண்ணெய்ப் படலம் அவற்றின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். குஞ்சு செவுளால் சுவாசிப்பதால் தப்பிக்கும். காரணத்தையும் சேர்த்து எழுதினால் முழு மார்க்.

பாரூரில் மீன்வளப் பல்கலைக்கழக மையம் இருப்பதால் நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகளிடம் கிஃப்ட் திலேப்பியாவை (மரபுத் தேர்வால் மேம்படுத்திய திலேப்பியா மீன்) கட்டாயம் கேட்பார்கள். கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம் மீத்தைல் டெஸ்டோஸ்டீரோன் என்ற ஆண் ஹார்மோன், 21 நாள், குஞ்சு எல்லாம் ஆணாக மாற. இதற்கு மேல் அதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

பண்ணைக்குப் போவதானால் கல்லூரிக் கடிதத்தோடு ஜூன் முதல் செப்டம்பருக்குள் போங்கள். அப்போதுதான் குஞ்சு இருக்கும். கையில் ஒரு லென்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். மொய்னா தண்ணீரில் வெட்டி வெட்டித் துள்ளுவதை ஒருமுறை பார்த்துவிட்டால் படம் வரையும்போது கை தயங்காது.