ஒத்திகைக்கும் ஷூட்டிங்குக்கும் நடுவே

அக்டோபர் 10, 2024

ஆச்சி மனோரமா மறைந்த நாள். மேக்கப் போடும் அண்ணன்தான் ஞாபகப்படுத்தினார். பள்ளத்தூரில் வளர்ந்து, நாடகங்களில் பாடி நடித்து, 1958இல் ‘மாலையிட்ட மங்கை’ வழியாகச் சினிமாவுக்கு வந்தவர். ஆயிரம் படங்களுக்கு மேல் நடித்தார் என்பதைத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அவருடைய குரல்தான் பெரிது. ஒரு வரி வசனம் போதும், பேசுகிறவள் எந்த ஊர்க்காரி, எவ்வளவு களைத்திருக்கிறாள் என்று தெரிந்துவிடும். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி பேசிப் பழகிய குரலை க்ளோசப்புக்காக அடக்கவும் அவருக்குத் தெரிந்திருந்தது.

இன்று எடுத்தது மகள் இறந்த பிறகு வரும் காட்சி. அவள் உயிரோடு இருக்கும் காட்சிகளை அடுத்த வாரம்தான் எடுப்பார்கள். நான் கதையை மனதுக்குள் முதலிலிருந்து ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஷாட்டுக்குப் போனேன். மேடையில் இந்த வேலையே இல்லை. அங்கே ஒன்றரை மணி நேரம் வாழ்ந்த பிறகுதான் அழுகை வரும் இடத்துக்கு வந்து சேர்கிறோம்.

அக்டோபர் 12

விஜயதசமி. புது நாடகத்துக்கு ஒத்திகை தொடங்கினோம். இன்று முழுக்க நடை மட்டும்தான்.

திரும்பும்போது தாம்பரம் ரயிலில் ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “நீங்க இருமுறது அப்படியே எங்கம்மா இருமுறது மாதிரியே இருக்கும்மா” என்றார். அப்புறம் இறங்கும்வரை அவருடைய அம்மாவைப் பற்றியே பேசினார். அந்த இருமல், பல வருடங்களுக்கு முன் ஒரு சின்ன ஹாலில் போட்ட நாடகத்துக்காக நான் தேடிக் கண்டுபிடித்தது. பார்க்க வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சீரியல்தான் அதை இந்த அம்மாவின் வீடுவரை கொண்டுபோயிருக்கிறது. இரண்டுக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். ஆனால் அது பிறந்த இடம் அந்த ஹால்.

அக்டோபர் 15

விடாத மழை. ஷூட்டிங் ரத்து.

புதுக்கோட்டைப் பக்கம் ஸ்பெஷல் நாடகத்தில் ஸ்திரீபார்ட், அதாவது கதாநாயகி வேடம், போட்ட ஒரு அக்காவோடு நெடுநேரம் போனில் பேசினேன். ‘வள்ளி திருமணம்’ இரவு பத்து மணிவாக்கில் தொடங்கினால் விடியும்வரை நடக்கும். வள்ளி ஒரு ஊரிலிருந்து வருவார், நாரதர் வேறொரு ஊரிலிருந்து. ஒத்திகையே கிடையாது. அந்தக் கால நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் போட்டுக்கொடுத்த பாட்டும் கதையும் இருவருக்கும் பாடம், அவ்வளவுதான். வள்ளியும் நாரதரும் மேடையிலேயே வாதாடும் தர்க்கம் வந்துவிட்டால் எதிராளி என்ன கேட்பார் என்று தெரியாது; அங்கேயே பதில் சொல்லியாக வேண்டும். ஜனங்கள் தூங்காமல் உட்கார்ந்திருப்பதே அதற்காகத்தான். நடிப்பில் இதைவிடக் கடினமான வேலையை நான் பார்த்ததில்லை.

அந்த அக்காவை ஊர் ஊராகக் கொண்டாடினார்கள். அதே ஊர்களில் வாடகைக்கு வீடு கேட்டபோது, கூத்தாடிக்கு வீடு இல்லை என்றார்கள். இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

அக்டோபர் 22

நாடகத்தில் பாடி நடித்துப் புகழ்பெற்ற கே.பி. சுந்தராம்பாளைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கணவரும் மேடை ஜோடியுமான கிட்டப்பா 1933இல் இறந்தபோது இவருக்கு இருபத்தைந்து வயது. ஆண்களோடு ஜோடி சேர்ந்து நடிப்பதில்லை என்று முடிவெடுத்தார். 1935இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராகவே நடித்தார். ஒரு லட்சம் ரூபாய் சம்பளம். அந்தக் காலத்தில் ஒரு லட்சம்! தொகையைவிட, தன் நிபந்தனையை விடாமல் அதை வாங்கினார் என்பதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கிறது. புகழால் ஒரு நடிகைக்கு இப்படி ஒரு பலம் கிடைக்குமென்றால், எனக்கும் அது வேண்டும்.

அக்டோபர் 31

தீபாவளி. 1931இல் இதே தேதியில்தான் ‘காளிதாஸ்’ வெளியானது. திருவையாற்றில் பிறந்து, சிறுமியாகவே நாடகக் கம்பெனிக்குப் போன டி.பி. ராஜலட்சுமி அதில் தமிழில் பேசினார், பாடினார். தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி அவர். 1936இல் ‘மிஸ் கமலா’வை அவரே இயக்கவும் செய்தார்.

‘காளிதாஸ்’ படத்தின் பிரதி இன்று இல்லை. சினிமாவில் நடித்தால் என்றைக்கும் இருக்கும் என்று எத்தனை பேர் எனக்கு அறிவுரை சொல்லியிருக்கிறார்கள்! திரையில் முதலில் தமிழ் பேசிய பெண்ணின் அந்தக் குரலை இன்று நாம் கேட்க வழியில்லை. காலையிலிருந்து இதே நினைப்பு.

மத்தியானம் புதுக்கோட்டை அக்காவுக்குப் போன் செய்து, உங்கள் தர்க்கத்தைப் பதிவு செய்துகொள்ளட்டுமா என்று கேட்டேன். “வா கண்ணு, தொண்டை இன்னும் இருக்கு” என்றார். பழைய ஆர்மோனியக்காரரையும் வரச் சொல்கிறாராம். நாரதருக்கு ஆள் இல்லை, அவருடைய கேள்விகளை நான்தான் கேட்க வேண்டும். பாட்டுகளை இன்று ராத்திரியே மனப்பாடம் செய்யத் தொடங்குகிறேன்.