பிள்ளைகளின் வயலினுக்குக் காப்பீடு எடுக்கும்முன்

நாகர்கோவில், குளச்சல் பக்கம் வயலினுக்கோ, அதே குடும்பத்துப் பெரிய கருவியான செல்லோவுக்கோ பாலிசி எடுப்பவர்கள் முதலில் விலக்குப் பட்டியலைப் படியுங்கள். தேய்மானம், பூச்சி அரிப்பு, ஈரப்பதத்தால் மெல்ல வரும் சேதம் இவற்றுக்குப் பெரும்பாலும் பணம் கிடையாது. நம்மூர் மழைக்காலத்தில் விளிம்பில் பசை விட்டு, விரல் முட்டியால் தட்டினால் சலசலக்குமே, அந்தச் செலவு நம் தலையில்தான். கீழே விழுந்து கழுத்து முறிவதும் காரிலிருந்து திருடு போவதும் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது தொகை. 40,000 ரூபாய் செல்லோவை 20,000-க்குப் பதிந்தால், சராசரி விதி (குறைத்துப் பதிந்த விகிதத்திலேயே இழப்பீடும் குறையும் என்பது) உள்ள பாலிசியில் 10,000 ரூபாய் பழுதுக்கு 5,000தான் வரும். வில்லையும் பெட்டியையும் தனியாக எழுதச் சொல்லுங்கள். பிள்ளை அரை அளவுக் கருவியிலிருந்து முக்கால் அளவுக் கருவிக்கு மாறும்போது பாலிசியையும் திருத்த வேண்டும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான். விலை குறைந்த தொடக்க வயலினா? பிரீமியத்துக்குப் பதில் உறுதியான பெட்டி வாங்கலாம்.

ரசீது, கருவியின் உள்ளே ஒட்டிய சீட்டு இரண்டின் படமும் கைபேசியில் இருக்கட்டும். திருட்டு என்றால் எஃப்.ஐ.ஆர். நகலும் கேட்பார்கள்.