கும்பக்கரையில் குளிக்கும்போது சாவி, போன், நகை எங்கே இருக்க வேண்டும்?

பெரியகுளத்திலிருந்து ஏறத்தாழ எட்டு கிலோமீட்டர் தூரத்தில், கொடைக்கானல் மலையின் அடிவாரத்தில் இருக்கிறது கும்பக்கரை அருவி. வனத்துறைக்குக் கட்டணம் செலுத்திவிட்டு உள்ளே போக வேண்டும். பொருள் தொலைவது என்றால் எல்லோரும் திருடனைத்தான் நினைக்கிறார்கள். இங்கே குரங்கையும் தண்ணீரையும் முதலில் நினைக்க வேண்டும்.

திருடனுக்கு ஒரே ஒரு விதி போதும். லேப்டாப், கேமரா, பர்ஸ் எதையும் அருவி பார்க்கிங்கில் வைத்து டிக்கிக்குள் மாற்றாதீர்கள். பெரியகுளத்தில் டீக்கு நிறுத்தும்போதே மாற்றிவிடுங்கள். பார்க்கிங்கில் டிக்கி திறந்து மூடுவதைப் பார்க்கிறவனுக்கு எதை எங்கே தேட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தலைவலி சாவிதான். பழைய பைக்கின் வெறும் இரும்புச் சாவி என்றால் அரைஞாண் கயிற்றில் கோத்து முடிந்துகொண்டு குளிக்கலாம்; அதைவிட நல்ல பூட்டு கடையில் கிடைக்காது. ரிமோட் உள்ள சாவிக்குள் பேட்டரியும் சர்க்யூட்டும் இருக்கின்றன, நனையக் கூடாது. அதற்குச் சாவிக்கடையில் சிப் இல்லாத சாதா டூப்ளிகேட் ஒன்று வெட்டிக்கொள்ளுங்கள். கதவைத் திறக்கும், இம்மொபிலைசர் (சிப் இல்லாத சாவிக்கு இன்ஜினை ஓடவிடாத பூட்டு) இருக்கும் வண்டியை ஸ்டார்ட் செய்யாது. தொலைந்தாலும் அதை மட்டும் வைத்து அந்த வண்டியை யாரும் ஓட்டிப் போக முடியாது. அசல் சாவி வண்டிக்குள் கண்ணில் படாத இடத்தில் ஒளிந்திருக்கட்டும்.

பட்டன் ஸ்டார்ட் வண்டிகளில் ஒரு சிக்கல் உண்டு: சிக்னலால் வண்டியோடு பேசும் ஸ்மார்ட் கீ உள்ளே இருந்தால் பல வண்டிகள் பூட்ட மறுக்கும். அலுமினியத் தாளில் இரண்டு மூன்று சுற்றுச் சுற்றித் தகர டப்பாவில் வைத்தால் சிக்னல் பெரும்பாலும் அடங்கும். கீயின் உள்ளேயே ஒரு சின்ன உலோகச் சாவி செருகியிருப்பார்கள். அதை உருவி எடுத்துக் கதவைப் பூட்டி, அதை மட்டும் கொண்டுபோகலாம். ஆனால் வண்டிக்கு வண்டி இது மாறும். இன்னொரு சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டு வாசலில் சோதித்த பிறகே நம்புங்கள்.

போனுக்கு, வாயைச் சுருட்டி மூடும் தண்ணீர் புகாத பையான டிரை பேக் 5 லிட்டரில் தாராளம். வாய் விளிம்பில் மணல், முடி இல்லாமல் துடைத்து, காற்றைக் கொஞ்சம் வெளியேற்றி, மூன்று நான்கு மடிப்புச் சுருட்டிய பிறகே கிளிப் போட வேண்டும். ஒரே மடிப்பில் கிளிப் போடுவதால்தான் பலருக்கு ஒழுகுகிறது. முதல் நாள் உள்ளே டிஷ்யூ பேப்பர் வைத்து வாளித் தண்ணீரில் பத்து நிமிஷம் அமுக்கிப் பாருங்கள். போன் பெட்டியில் போட்டிருக்கும் ஐபிஎக்ஸ்7 என்ற தண்ணீர் தாங்கும் தரக்குறியீடு அசையாத தண்ணீரில் 1 மீட்டர் ஆழம், 30 நிமிஷம் என்ற கணக்கு. அருவி விழும் வேகம் அந்தக் கணக்கில் இல்லை.

ரப்பர் வளையம் வைத்த கெட்டிப் பெட்டி வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 2,100 மீட்டர் உயரத்தில் கொடைக்கானலில் மூடி, அப்படியே கீழே இறங்கினால் பெட்டி திறக்காது. மேலே காற்றழுத்தம் குறைவு. அடிவாரத்தில் வெளிக்காற்று மூடியைச் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 190 கிராம் வீதம் அழுத்தும். 18க்கு 10 செ.மீ. மூடி என்றால் 30 கிலோவுக்கு மேல். பிரஷர் வால்வு இருந்தால் அதைத் திறங்கள், இல்லாவிட்டால் அடிவாரத்துக்கு வந்த பிறகு மூடுங்கள். குளிரிலிருந்து வந்த கேமராவைப் பையை விட்டு உடனே எடுத்தாலும் லென்ஸில் பனி படியும். அரை மணி நேரம் பொறுக்க வேண்டும்.

குரங்குகளுக்குச் சரசரக்கும் கேரி பேக் என்றால் தின்பண்டம். ஜிப் திறக்கவும் தெரியும். போன் இருக்கும் பையில் ஒரு முறுக்குகூட இருக்கக் கூடாது. எல்லாவற்றையும்விட, குழுவில் ஒருவர் மாற்றி ஒருவர் நனையாமல் கரையில் உட்காருவதே உத்தமம்.

நகையைப் பொறுத்தவரை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவதுதான் சரி. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கி மோதிரம் நழுவும், எண்ணெய் தேய்த்திருந்தால் கேட்கவே வேண்டாம். கொலுசுத் திருகும் தோட்டின் திருகாணியும் அருவியடியில் கழலும். தாலிக்கொடியைக் கழற்ற மனம் வராதவர்கள் கொக்கியோடு சேர்த்து ஒரு ஊக்கு குத்திக்கொள்ளலாம்.

பையை எங்கே வைப்பது என்பதுதான் உயிர் விஷயம். மேலே கொடைக்கானலை ஒட்டிய வட்டக்கானல் பக்கம் மழை கொட்டினால், கீழே வெயில் அடிக்கும்போதே அருவிக்குத் தண்ணீர் தரும் பாம்பாற்றில் வெள்ளம் வரும். அதனால் பை வெளியேறும் வழியிருக்கும் கரையில், மேட்டில் இருக்கட்டும். எதிர்க்கரைப் பாறையிலோ நடுப்பாறையிலோ வைத்தால் அதை எடுக்கவே மறுபடி இறங்குவீர்கள். தண்ணீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் மிதந்து வந்தாலோ, வனக்காவலர் விசில் அடித்தாலோ வெறுங்கையோடு ஏறுங்கள்.

போன் போய்விட்டால் முதலில் வேறு போனிலிருந்து சிம்மை முடக்குங்கள், யுபிஐ அந்த எண்ணோடு இணைந்திருக்கிறது. அடுத்து போலீஸில் புகார், டூப்ளிகேட் சிம். அதன்பின் மத்திய அரசின் சி.இ.ஐ.ஆர். தளத்தில் போனையே முடக்கலாம். அதற்கு புகார் நகலும் போனின் அடையாள எண்ணான ஐ.எம்.இ.ஐ. எண்ணும் கேட்பார்கள். *#06# அழுத்தினால் வரும் அந்த எண்ணை ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட்டுக் கிளம்புங்கள்.