பால்ட்வின் வீசிய குவளை

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேலந்தாவளம் சோதனைச் சாவடிக்குப் போகும் வழியில் இருக்கிறது எங்கள் ஊர். மாவட்டம் பாலக்காடு, வீட்டிலும் கடலைக்காட்டிலும் பேச்சு தமிழ். என் அப்புச்சி கூலிக்குப் போய்க்கொண்டிருந்த நாளில், ஊர் டீக்கடையில் அவருக்கும் அவரைப் போன்றவர்களுக்கும் சிரட்டையில்தான் டீ. ஓலைத் தாழ்வாரத்தில் செருகி வைத்திருக்கும் சிரட்டையை அவரே எடுத்து, அவரே கழுவி, இரண்டு கைகளாலும் ஏந்திப் பிடிக்க வேண்டும். கடைக்காரர் ஒரு முழ உயரத்திலிருந்து ஊற்றுவார். சூடு தாங்காமல் விரலை மாற்றினால் டீ மண்ணில் சிந்தும், கொடுத்த காசு போனது போனதுதான். பிற்பாடு கண்ணாடி டம்ளர் வந்தபோதும் அதிலும் தனி வரிசை ஒன்று இருந்தது. எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, "அத அந்தாளு மூஞ்சிலயே வீசியிருக்கலாமே அப்புச்சி" என்று கேட்டேன். "வீசியிருந்தா உங்கம்மா பொறந்திருக்க மாட்டா கண்ணு" என்றார்.

வீசியே விட்ட ஒருவரை நான் கல்லூரி நாட்களில்தான் வாசித்தேன். அமெரிக்கக் கறுப்பின நாவலாசிரியர் ஜேம்ஸ் பால்ட்வின். 1955இல் வெளிவந்த 'மண்ணின் மைந்தனின் குறிப்புகள்' என்ற தொகுப்பின் தலைப்புக் கட்டுரையில் அந்த நிகழ்ச்சி வருகிறது. அப்போது அவருக்கு 18 வயது. போர்க்கால வேலைக்காக நியூ ஜெர்சிக்குப் போயிருந்த அவர், அங்கே ஓர் உணவகத்தில் மூன்று முறை நெடுநேரம் நின்ற பிறகும் தமக்கு எதுவும் பரிமாறப்படவில்லை என்பதை உணராமலே இருந்து, நான்காம் முறைதான் அங்கே நீக்ரோக்களுக்குப் பரிமாறுவதில்லை என்பதைத் தெரிந்துகொண்டார். ஊர் திரும்புவதற்கு முந்தைய இரவு, டிரென்டன் நகரில், விளக்குகள் மின்னும் பெரிய உணவகம் ஒன்றினுள் நுழைந்து உட்கார்ந்தார். பணிப்பெண் பயந்த கண்களோடு வந்து, இங்கே நீக்ரோக்களுக்குப் பரிமாறுவதில்லை என்றாள். காதில் விழாதவர் போல இருந்து அவளை இன்னும் அருகே வரவைத்தார். மேசையில் பாதி நீரோடு இருந்த குவளையை எடுத்து முழு வலுவோடு வீசினார். அவள் குனிந்துகொண்டாள். குவளை, பின்னால் இருந்த பெரிய நிலைக்கண்ணாடியில் பட்டு நொறுங்கியது.

தப்பி ஓடி வந்த பிறகு இரண்டு எண்ணங்கள் அவரை விடவில்லை. தாம் கொல்லப்பட்டிருக்கலாம் என்பது ஒன்று. தாம் கொல்லத் தயாராக இருந்தோம் என்பது மற்றொன்று. தம் உயிருக்கு உண்மையான ஆபத்து பிறர் செய்யக்கூடியவற்றால் வருவதன்று, தம் நெஞ்சில் தாமே சுமக்கும் வெறுப்பால் வருவது என்று அவர் எழுதுகிறார். இதைப் பொறுமைக்கான உபதேசமாகக் கொள்வது பெரும் பிழை என்பேன். அதே கட்டுரையின் முடிவில், அநீதியை ஒருபோதும் வழக்கமானதாக ஏற்கக்கூடாது, வலுவனைத்தையும் கொண்டு எதிர்க்க வேண்டும் என்கிறார். அந்தப் போரை வெறுப்பு அண்டாத நெஞ்சோடு நடத்த வேண்டும் என்பதுதான் அவர் தமக்கே விதித்துக்கொண்ட கடினமான நிபந்தனை.

அந்த வெறுப்பு ஒரு மனிதனை என்ன செய்யும் என்பதை அவர் வீட்டிலேயே பார்த்திருந்தார். 1924இல் நியூயார்க்கின் ஹார்லமில் பிறந்த அவர், ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். வளர்ப்புத் தந்தை தேவாலயப் பிரசங்கி. வெள்ளையர் எவரையும் நம்பாதவர், கசப்பிலேயே உருக்குலைந்தவர். பால்ட்வினும் 14 வயதில் பிரசங்க மேடை ஏறி, மூன்றாண்டுகளில் இறங்கிவிட்டார். தந்தை 1943 ஜூலை 29 அன்று இறந்தார். சில மணி நேரத்தில் கடைசித் தங்கை பிறந்தாள். இறுதிச் சடங்கு நடந்த நாள் பால்ட்வினின் 19ஆம் பிறந்தநாள். அன்றிரவு, வெள்ளைக் காவலர் ஒருவர் கறுப்பினப் படைவீரர் ஒருவரைச் சுட்டதையடுத்து ஹார்லமில் கலவரம் மூண்டது என்று அவர் எழுதுகிறார். மறுநாள் காலை, கடைகளின் கண்ணாடி உடைந்து சிதறிக் கிடந்த தெருக்களின் வழியேதான் தந்தையின் உடலை இடுகாட்டுக்குக் கொண்டு போனார்கள். டிரென்டனில் உடைந்தது ஒரே ஒரு கண்ணாடி. இங்கே ஒரு பேட்டையே உடைந்து கிடந்தது.

1948 நவம்பரில், சுமார் 40 டாலருடன் அவர் பாரிஸுக்குப் போனார். சுவிட்சர்லாந்தின் மலைக்கிராமம் ஒன்றில் தங்கி முதல் நாவலை முடித்தார். 1953இல் வந்த அந்த 'மலைமீதேறிச் சொல்' நாவலின் சிறுவன், தந்தையைப் போலப் பிரசங்கியாவான் என்று ஊரே சொல்லும் ஜான், பால்ட்வினின் சாயலில் ஆனவன். அடுத்து 1956இல் ஆணும் ஆணும் காதலிக்கும் கதையை எழுதியபோது முன்னைய பதிப்பகம் அதை வெளியிட மறுத்தது. அவர் வேறொரு பதிப்பகத்தைத் தேடிக்கொண்டார்.

பாரிஸிலேயே இருந்துவிட்டிருந்தாலும் அவரை யாரும் குறை சொல்லியிருக்க முடியாது. ஆனால் 1957இல் திரும்பி வந்து, அதுவரை கண்டிராத தென் மாநிலங்களுக்குப் பயணம் செய்தார். 1963 அக்டோபர் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில் நடந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் தொண்டை அடைக்கிறது. வாக்காளராகப் பதிவு செய்துகொள்ள, முந்நூறுக்கும் மேற்பட்ட கறுப்பின மக்கள் நீதிமன்றக் கட்டிடத்தின் முன் வெயிலில் வரிசையில் நின்றார்கள். வரிசையில் நிற்பவர்களுக்கு உணவும் தண்ணீரும் கொடுக்கக் காவலர்கள் விடவில்லை. கொடுக்கப் போன இரண்டு இளைஞர்களை அடித்து, மாடு விரட்டும் மின்கோலால் குத்தினார்கள். பால்ட்வின் அங்கே நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வாய்த் தண்ணீரை யார் யாருக்குத் தரலாம் என்பதில் ஓர் அரசே வந்து குறுக்கே நிற்கும் என்பது எங்கள் எல்லைப்புறத்துக்காரர்களுக்குப் புதிய செய்தியன்று. அவர் எழுதியதையும் பேசியதையும் கண்காணித்து அமெரிக்க அரசின் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. சேர்த்த கோப்பு 1,884 பக்கங்கள்.

1974இல் வந்த 'பீல் தெரு பேசுமானால்' நாவலை நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன். செய்யாத குற்றத்துக்குச் சிறைப்பட்ட காதலனைப் பார்க்கப் போகிறாள் டிஷ். நடுவே கண்ணாடி, பேசுவதற்குத் தொலைபேசி. நேசிப்பவரைக் கண்ணாடி வழியாகப் பார்க்கும் நிலை எவருக்கும் வரக்கூடாது என்று தொடக்கத்திலேயே அவள் சொல்கிறாள். முன்பு குவளை வீசிய கை எழுதிய வரி இது.

சென்ற மாதம் அம்மா திண்ணையில் உட்கார்ந்து கடலைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தபோது, டிரென்டன் நிகழ்ச்சியை அவருக்குத் தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். கண்ணாடி நொறுங்கிய இடம் வந்ததும் அம்மாவின் கை நின்றது.

"அந்தப் புள்ளைக்கு அடி பட்டுச்சா?"

"இல்லம்மா, குனிஞ்சுக்கிட்டா."

அம்மா பெருமூச்சு விட்டு, "அப்புறம் அந்தப் பையன் தப்பிச்சானா, சொல்லு" என்றார்.